தாமரைக்கு நான்கு குறிப்புகள்: பரிசு யாருக்கு?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் பொங்கலை ஒட்டி, குறுக்கெழுத்துக் குறிப்பு எழுதும் போட்டி ஒன்று வைத்தோம். 'தாமரை' என்ற சொல்லைக் கொடுத்து, கிரிப்டிக் முறையில் ஒரே ஒரு குறிப்பு எழுதச் சொன்னோம். கடைசிச் சுற்றுக்கு வந்தவை நான்கு. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

அ) கமலம், அம்புயம் என்றும் இதைச் சொல்வார்கள் (3)
ஆ) கொடு மான் நீரில் பூக்கும் (3)
இ) கீதா, மரைக்காயர் இடையே மலர்ந்தது (3)
ஈ) கண்ணீர்த் தாரை நடுவே மகிழ்ச்சியின் முதல் மலர் (3)

நடுவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் 'ஈ'தான் கவிதை, அதற்கே பரிசு என்கிறார். ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தைத் தினமும் போடும் வங்கி அதிகாரி ஒருவர் 'ஆ' மட்டுமே கணக்குப் பிசகாதது என்கிறார். 'இ'யில் விடை கண்முன்னே கிடக்கிறது, போதாததற்கு 'மலர்ந்தது' வினைமுற்று, தாமரையோ பெயர்ச்சொல், ஆகவே அது செல்லாது என்பது அவர் வாதம். எனக்கு 'இ' பிடித்திருக்கிறது. விடை தெரிந்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் சிரிப்பு வந்தது என்று சொல்லிப் பரிசு கொடுக்க முடியுமா? 'அ' எழுதியவர் எங்கள் வட்டத்தில் மூத்தவர், அவரைச் சங்கடப்படுத்தவும் மனமில்லை. எப்படி முடிவெடுப்பது? எனக்கும் குறிப்பு எழுதக் கற்றுக்கொள்ள ஆசை. எங்கே தொடங்க வேண்டும்?"

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இ முதல் பரிசு, ஈ இரண்டாவது, ஆ மூன்றாவது. அ போட்டிக்குள் வராது. நீங்கள் மூவரும் காரணத்தோடுதான் பேசியிருக்கிறீர்கள். ஆனால் ஆளுக்கு ஒரு பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

கிரிப்டிக் குறிப்பு என்பது விடைக்குப் போக இரண்டு வழி வைத்திருக்கும் வாக்கியம். ஒரு வழி நேர்விளக்கம், அதாவது விடையின் பொருள். இன்னொன்று சொல்விளையாட்டு, விடையின் எழுத்துகளைக் கட்டித் தருவது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால், விடை சரியா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இந்த இரண்டு வழியும் தெரியாதபடி மேலே ஒரு சாதாரண வாக்கியம் ஓடும், அதுதான் மேல்வாசிப்பு. அது போடுபவரை வேறு எங்கோ கூட்டிக்கொண்டு போகும்.

இங்கிலாந்தில் அப்சர்வர் என்ற ஞாயிறு இதழ் இந்தக் கலைக்கு நெடுங்காலமாக ஒரு பள்ளிக்கூடம். 1926 முதல் 1939 வரை அங்கே டார்க்கெமடா என்ற புனைபெயரில் ஒருவர் புதிர் அமைத்தார். அவருக்குப் பின் சிமெனிஸ் வந்தார். 1972இல் அசெட் பொறுப்பேற்றார். மூன்றுமே பழைய ஸ்பானியச் சமய விசாரணைத் தலைவர்களின் பெயரிலிருந்து எடுத்த புனைபெயர்கள். அசெட் மட்டும் ஒரு பெயரைத் தலைகீழாக்கி வைத்துக்கொண்டது. உங்கள் வட்டம் நடத்திய மாதிரிப் போட்டி அந்தப் பக்கத்தின் வழக்கம். ஒரு சொல்லைக் கொடுப்பார்கள், வாசகர்கள் குறிப்பு எழுதி அனுப்புவார்கள். நல்ல குறிப்புக்கு அசெட் சொன்ன இலக்கணம் இதுதான்: துல்லியமான நேர்விளக்கம், நேர்மையான சொல்விளையாட்டு, இவை தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. மூன்றாவது பகுதியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கு அதில்தான் தீர்கிறது.

இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

'அ' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கமலம், அம்புயம் இரண்டும் தாமரைக்குச் சரியான பெயர்கள். வாக்கியத்தில் தப்பில்லை. வார இதழ்களில் வரும் நேரடிக் குறுக்கெழுத்துக்கு இது நல்ல குறிப்பு. ஆனால் இதில் ஒரு வழிதான் இருக்கிறது. சரோஜம், பங்கயம் என்று இன்னும் எத்தனையோ பெயர் இருக்கிறதே, மூன்று கட்டத்தில் 'முளரி' என்று யாராவது எழுதிவிட்டால் அது தப்பு என்று எதைக் காட்டிச் சொல்வது? பெரியவரிடம் இதை மறைக்க வேண்டாம். அவர் மொழியறிவில் குறையில்லை, போட்டியின் வகை வேறு, அவ்வளவுதான். அதை மரியாதையாகச் சொன்னால் புரிந்துகொள்வார். இரக்கப்பட்டு ஆறுதல் பரிசு கொடுத்தால்தான் அவருக்குச் சங்கடம்.

'ஆ' வங்கி அதிகாரியின் தேர்வு. கொடு என்றால் தா. மான் என்றால் மரை. சேர்த்தால் தாமரை. மரை என்பது மான் வகைகளில் ஒன்று, சங்கப் பாடல்களில் 'மரையா' என்று வரும். வகையின் பெயரை விடையில் வைத்துக்கொண்டு குறிப்பில் 'மான்' என்று பொதுப்பெயர் சொல்வது முறையானதே. மறுபுறம், விடையில் மான் இருந்து குறிப்பில் 'மரை' என்று மட்டும் சொன்னால், 'போன்றது' என்றோ 'எடுத்துக்காட்டாக' என்றோ ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஆக, எழுத்துக் கணக்கில் 'ஆ' தேறுகிறது.

ஆனால் 'கொடு மான் நீரில் பூக்கும்' என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இது தமிழ் வாக்கியமா? நான்கு சொற்களை வரிசையாக வைத்திருக்கிறார். போடுபவரை வேறு எங்கும் கூட்டிப் போகாமல், 'என்னைப் பிரித்துப் பார்' என்று அது முதலிலேயே சொல்லிவிடுகிறது. கணக்குச் சரியாக இருப்பது குறிப்புக்கு நுழைவுச்சீட்டு. அதற்கே பரிசு தர முடியாது. இன்னொரு குறை, வங்கி அதிகாரி 'இ'யில் பிடித்த அதே பிழை 'ஆ'வில்தான் இருக்கிறது. 'பூக்கும்' வினைமுற்றாகவோ பெயரெச்சமாகவோ இருக்கலாம், பெயராக இருக்க முடியாது. 'நீரில் பூப்பது' என்றிருந்தால் அது தாமரைக்கு நிகராக நிற்கும். நேர்விளக்கத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் விடையை வைத்தால் வாக்கியம் இடறக் கூடாது. இந்தச் சோதனையை எல்லாக் குறிப்புக்கும் செய்யுங்கள்.

இதை எழுதியவருக்கு ஒரு வழி காட்டலாம். 'மானுக்கு முன் கொடு பூ (3)' என்று எழுதியிருந்தால்? மரைக்கு முன்னால் தா. அதன் பின் விளக்கம், பூ. நான்கு சொல்லும் வேலை செய்கின்றன. மேலே ஒரு காட்சியும் வந்துவிட்டது, யாரோ ஒரு மானின் முன் பூவை நீட்டுகிறார்கள். 'பூவைக் கொடு' என்று இரண்டாம் வேற்றுமை போட்டிருந்தால் விளக்கம் 'பூவை' ஆகிவிடும், விடையோடு பொருந்தாது. நல்லவேளையாக, 'பூ கொடு', 'தண்ணீர் கொடு' என்று உருபில்லாமல் பேசுவது நமக்கு இயல்பு.

'ஈ'க்கு வருவோம். தமிழாசிரியர் இதை ஏன் விரும்பினார் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. தா-ரை என்ற இரண்டு எழுத்துக்கு நடுவே ம. அந்த ம, மகிழ்ச்சியின் முதல் எழுத்து. மீதமிருக்கும் 'மலர்' நேர்விளக்கம். படிக்கும்போது கண் 'முதல் மலர்' என்று சேர்த்தே படிக்கிறது. அழுகைக்கு நடுவே மகிழ்ச்சி அரும்புகிறது என்று மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. போடுபவர் 'முதல்' என்ற இடத்தில் வாக்கியத்தை வெட்ட வேண்டும். வெட்டத் தோன்றாதபடி அந்த இரண்டு சொல்லையும் ஒட்டியிருக்கிறார் எழுதியவர். இது தேர்ந்த கை.

சரி, 'கண்ணீர்த்' என்ற சொல்லுக்கு என்ன வேலை? எதுவுமில்லை. தாரை, நடுவே, மகிழ்ச்சியின், முதல், மலர் ஐந்தும் உழைக்கின்றன. கண்ணீர் சும்மா நிற்கிறது, மேல்வாசிப்புக்கு அழகு சேர்க்க மட்டும். விடை தேடுபவர் இதை அறிய மாட்டார். எல்லாச் சொல்லுக்கும் வேலை இருக்கிறது என்று நம்பித்தான் அவர் பென்சிலை எடுக்கிறார். கண்ணீர்தான் நேர்விளக்கமோ, கண் வேறு நீர் வேறோ, 'கண்ணீர்த் தாரை' முழுவதையும் கலைக்க வேண்டுமோ என்று அவர் தேடிக்கொண்டே இருப்பார். அந்தத் தேடலுக்கு முடிவில் ஒரு பலனும் கிடைக்காது. ஏமாற்றுவது இந்த விளையாட்டில் அனுமதிக்கப்பட்டது, சொல்லப்போனால் அதுதான் விளையாட்டே. ஆனால் வேலையே இல்லாத சொல்லை வேலைக்காரனாக நிறுத்தி வைப்பது ஏமாற்று இல்லை, வாக்குத் தவறுவது.

வருத்தம் என்னவென்றால் அந்தச் சொல் தேவையே இல்லை. 'தாரை நடுவே மகிழ்ச்சியின் முதல் மலர் (3)' என்று எழுதிப் பாருங்கள். 'தாரை தாரையாய்' என்றாலே தமிழ் காதுக்குக் கண்ணீர் வந்துவிடும். படம் கலையவில்லை, கணக்கும் நேராகிவிட்டது. இப்படி வந்திருந்தால் நான் 'ஈ'க்கே முதல் பரிசு தந்திருப்பேன், 'இ'யைவிட ஒரு படி மேல் என்றும் சொல்லியிருப்பேன். ஆனால் நடுவர் வேறு, ஆசிரியர் வேறு. ஆசிரியர் ஒரு சொல்லை அடித்துவிட்டு அச்சுக்கு அனுப்பலாம். நடுவர் வந்ததை வந்தபடிதான் எடைபோட வேண்டும். இல்லையென்றால் திருத்தினால் எது நன்றாக இருக்கும் என்ற போட்டியாக மாறிவிடும், அதில் நடுவருக்குத்தான் பரிசு.

இப்போது 'இ'. கீ-தா-ம-ரை-க்-கா-ய-ர். வரிசையாகப் படித்தால் நடுவில் தாமரை அப்படியே இருக்கிறது. 'இடையே' அதைச் சொல்கிறது. 'மலர்ந்தது' நேர்விளக்கம். எந்தச் சொல்லும் சும்மா இல்லை. கீதா 'தா'வைத் தருகிறாள், மரைக்காயர் 'மரை'யைத் தருகிறார். மறைந்திருக்கும் வகைக் குறிப்பில் பலர் செய்யும் தவறு, விடைக்கு ஓர் எழுத்துகூடத் தராத சொற்களை இரண்டு பக்கமும் அடுக்குவது. இவர் அதைச் செய்யவில்லை. மேலே இரண்டு பேருக்கு நடுவே எதுவோ மலர்ந்த கதை ஓடுகிறது. மனிதர்களைப் பார்த்ததும் எழுத்துகளைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

வங்கி அதிகாரியின் வாதத்துக்குப் பதில் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, தமிழாசிரியரைக் கேளுங்கள். 'பூ மலர்ந்தது' என்னும்போது அது வினைமுற்று. 'குளத்தில் மலர்ந்தது வாடிவிட்டது' என்னும்போது வினையாலணையும் பெயர். வடிவம் ஒன்றே. மேல்வாசிப்பில் வினைமுற்றாக நின்று வாக்கியத்தை முடித்துவைக்கிறது, உள்ளே பெயராக நின்று தாமரையைக் குறிக்கிறது. தமிழில் குறிப்பு எழுதுபவருக்கு மொழி தந்திருக்கும் பெரிய வசதி இது. 'வந்தது', 'பாடியது', 'எரிந்தது' என்று எதை எடுத்தாலும் இந்த இரட்டை வேடம் போடும். ஆங்கிலக் குறுக்கெழுத்தில் பழகியவர்கள் இதைத் தவறு என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது.

விடை கண்முன்னே கிடக்கிறது என்ற குறையும் நிற்காது. எளிமை பிழையாகாது. கடினமான குறிப்பு உயர்ந்தது, எளியது தாழ்ந்தது என்று மதிப்பெண் போட ஆரம்பித்தால், யாராலும் அவிழ்க்க முடியாததற்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டிவரும்.

'இ'யிலும் ஒரு தளர்வு இருக்கிறது. 'மலர்ந்தது' என்றால் மல்லிகையா, அல்லியா, முகமா? விளக்கம் அகலமாக இருக்கிறது. ஆனாலும் அது பொய்யில்லை. தாமரை மலர்வதுதான், சொல்விளையாட்டு விடையை ஐயமில்லாமல் உறுதிப்படுத்துகிறது. அகலமான விளக்கம் போடுபவரின் வேலையைக் கூட்டும். வேலையில்லாத சொல் போடுபவரின் நம்பிக்கையைக் குறைக்கும். இரண்டில் முன்னதை நான் பொறுத்துக்கொள்வேன். 'இ'யை 'ஈ'க்கு மேலே வைத்தது இந்த ஒரே காரணத்துக்காக.

எழுதியவரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு சொல் சேர்த்தால் அந்தத் தளர்வும் போய்விடும். 'கீதா, மரைக்காயர் இடையே குளத்தில் மலர்ந்தது (3)'. விளக்கம் இறுகிவிட்டது. கதைக்கு ஓர் இடமும் கிடைத்துவிட்டது, இருவரும் சந்தித்தது குளக்கரையில். விளக்கத்தைத் துல்லியமாக்கினால் அழகு கெடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

உங்கள் சிரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்பை நம்புங்கள், ஆனால் அதைத் தீர்ப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை பெயர்களை மறைத்து, முடிந்தால் விடைச்சொல்லே தெரியாத ஒருவரிடம் எல்லாக் குறிப்பையும் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். விடை தெரிந்துகொண்டு படிக்கும் நடுவருக்கு எல்லாமே பொருந்துவதாகத்தான் தோன்றும். அப்புறம் ஒரு தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் வேலையை எழுதுங்கள். வேலை எழுத முடியாத சொல் இருந்தால் அதை வட்டமிடுங்கள். போட்டியாளர்களிடமும் குறிப்போடு அதன் பிரிப்பை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதியவர் நினைக்காத நயத்தை நடுவரே கண்டுபிடித்துப் பாராட்டுவது அப்படிச் செய்தால் குறையும். கடைசியாக வாய்விட்டுப் படியுங்கள். தெருவில் ஒருவர் சொல்லக்கூடிய வாக்கியமா என்று காது சொல்லிவிடும்.

தமிழில் நடுவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, வேற்றுமை உருபும் சந்தியும். 'தாரைக்கு நடுவே' என்று எழுதினால் 'தாரை' என்ற சொல் முழுசாக அங்கே இருக்கிறது, பின்னால் 'க்கு' ஒட்டியிருக்கிறது. உருபைக் கழற்றிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், இதை நான் அனுமதிப்பேன். ஆனால் 'மரத்தின் நடுவே' என்று எழுதிவிட்டு 'மரம்' என்ற எழுத்துகளை எடுத்துக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாளில் 'ம்' இல்லவே இல்லை, எங்கிருந்து எடுப்பது? முதல் எழுத்து மட்டும் வேண்டுமென்றால் மரத்தின் தலையும் மரம் தலையும் ஒன்றுதான், அதில் சிக்கலில்லை. அதேபோல் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றால் உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது. 'கா'விலிருந்து 'க'வை எடுப்பதை அனுமதிப்பதென்றால் போட்டிக்கு முன்பே அறிவியுங்கள். விதி எதுவாக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நீங்கள் எழுதுவது. எழுத்துகளை இடம் மாற்றி வேறு சொல்லாக்கும் கலைப்பிலிருந்து தொடங்குங்கள், கை பழக அது நல்லது. 'குழம்பிய நகரம் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)'. ந-க-ர-ம் குழம்பினால் நரகம். பலருக்கும் தெரிந்த ஜோடிதான், ஆனால் பாகங்கள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வசதியான குறிப்பு. கலைப்பைச் சொல்லும் சொல் உண்மையிலேயே கலைப்பைச் சொல்ல வேண்டும். குழம்பி, கலைந்து, சிதறி, பிறழ்ந்து எல்லாம் சரி. 'புதிய நகரம்' என்று எழுதிவிட்டு, புதியது என்றால் மாறியது, மாறியது என்றால் கலைந்தது என்று வாதாடக் கூடாது.

எழுத்தைத் திருப்புவது தமிழில் கடினம். ர, ல, ழ, ள போன்றவை சொல்லுக்கு முதலில் வராது என்பதால் திருப்பினால் பெரும்பாலும் சொல் கிடைக்காது. கிடைத்தால் விடாதீர்கள். 'திரும்பப் படி, இறைவா (2)'. படி என்றால் வாசி, திருப்பினால் சிவா. விடை விளிவேற்றுமையில் இருக்கிறது, அதனால் விளக்கமும் 'இறைவன்' என்று நிற்காமல் 'இறைவா' என்று கூப்பிடுகிறது. அந்தப் பொருத்தம் முக்கியம்.

தமிழ் தரும் மறைவான வசதிகள் இன்னும் நிறைய. தலை, இடை, கடை மூன்றும் சொல்லின் பகுதிகளைக் காட்டும், வேறு பொருளும் தரும். 'மளிகைக் கடை' என்றால் படிப்பவருக்குப் பருப்பும் புளியும் தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டியது 'மளிகை'யின் கடைசி எழுத்தான 'கை'. நம் முன்னோர் இந்த வேலையில் நமக்கு மூத்தவர்கள். தண்டியலங்காரம் சொல்லைப் பிரிக்காமல் இருபொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், பிரித்து இருபொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் வகுத்திருக்கிறது. ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளிப்பது கரந்துறைச் செய்யுள், எழுத்தைக் குறைத்துக்கொண்டே போய் வேறு வேறு பொருள் தருவது அக்கரச் சுதகம். உங்கள் 'இ' கரந்துறை வகை, 'ஆ' பிரிமொழி வகை. வடிவம் மேற்கிலிருந்து வந்தாலும் கட்டத்துக்குள் போடும் சரக்கு நம்மிடமே இருக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் இந்த வகைத் தமிழ்க் குறுக்கெழுத்து பல ஆண்டுகள் வந்திருக்கிறது. பழைய இதழ்களை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நிறையப் போடாதவர் நன்றாக எழுத முடியாது.

ஒரு குறிப்பு எப்படி உருவாகிறது என்று அருகில் காட்டுகிறேன். சொல் 'விமானம்' என்று வைத்துக்கொள்வோம். முதலில் பொருள்கள்: வானூர்தி, கோயில் கருவறைக்கு மேலிருக்கும் கட்டுமானம். இரண்டு பொருளையும் வைத்தே ஒரு குறிப்பு செய்யலாம், ஆனால் அது எல்லாருக்கும் தோன்றுவது. அடுத்து உடைத்துப் பார்க்கிறேன். வி, மானம். மானம் தனியாக நிற்கிறது, கௌரவம். இப்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய நேரம். மானம் என்ற சொல்லை மக்கள் எங்கே பயன்படுத்துகிறார்கள்? மானம் போச்சு, மானம் கப்பலேறிவிட்டது, மானம் பறக்கிறது. பறக்கிறது! விமானமும் பறப்பதுதான். விளக்கமும் பாகமும் ஒரே பேச்சுவழக்கில் சந்தித்துவிட்டன.

மீதி 'வி'. ஏதாவது ஒரு சொல்லின் முதலெழுத்து. மானம் போகிற சூழலில் வரும் 'வி' சொல் எது? விவாகம், விருந்து, விற்பனை, வியாபாரம். 'வியாபாரத்தில் முதல்' என்று எழுதியதும் 'முதல்' தன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது, போட்ட பணம். அவ்வளவுதான், குறிப்பு தானாக எழுந்து நிற்கிறது: 'வியாபாரத்தில் முதலும் மானமும் பறப்பது (4)'. மேலே ஒரு கடன்பட்டவரின் கதை. உள்ளே வி, மானம், பறப்பது. 'உம்' இரண்டும் சேர்க்கச் சொல்கின்றன. 'பறப்பது' மேலே தொழிற்பெயர், உள்ளே பறக்கும் பொருள். 'மானம்' மாறுவேடம் இல்லாமல் நேராக வந்திருப்பது ஒரு சிறு குறை. அதை 'கௌரவம்' என்று மாற்றினால் கடினமாகும். ஆனால் கௌரவம் பறக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, மேல்வாசிப்பு தளர்ந்துவிடும். நான் மானத்தையே வைத்துக்கொள்வேன்.

கவனித்தீர்களா, கடைசி வரை நான் வாக்கியத்தை எழுதவே இல்லை. பாகங்களைத் தேடி, அவை பேச்சில் எங்கே கூடுகின்றன என்று பார்த்தேன். முதலில் அழகான வாக்கியத்தை எழுதிவிட்டு அதற்குள் விடையைத் திணிக்கப் போனால்தான் 'கண்ணீர்த்' போன்ற சொற்கள் உள்ளே வந்துவிடுகின்றன.

பரிசை அறிவிக்கும்போது பெயர்களை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அசெட் நடத்திய போட்டிகளில் முடிவோடு நடுவரின் கருத்தும் அச்சாகிப் போட்டியாளர்களுக்குப் போகும். எது ஏன் வென்றது, பொதுவாக எங்கே பிழைத்தார்கள் என்று அதில் இருக்கும். போட்டியாளர்கள் பரிசைவிட அதற்காகத்தான் காத்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். நான்கு குறிப்பையும் பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் வேலையை எழுதிக் காட்டுங்கள். 'ஈ' எழுதியவரை எழுப்பி, எந்தச் சொல் மிகை என்று அவரையே கேளுங்கள். அவர் திறமைக்கு உடனே பிடித்துவிடுவார்.

அடுத்த போட்டிக்கு 'நாடகம்' என்ற சொல்லைக் கொடுங்கள். நாகம் ஓர் எழுத்தை விழுங்கினாலும் நாடகம், நாவுக்குப் பின்னால் கடம் கலைந்தாலும் நாடகம். ஆளுக்கொரு வழியில் வருவார்கள். 'நாகத்தின் வயிற்றில்' என்று எழுதினால் 'ம்' மறைந்துபோகும், அதை ஏற்பதா இல்லையா என்று மட்டும் நடுவர் மூவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்து, அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.